உள்ளே விட்ட துணி

ரவிக்கைத் துணி வாங்கி வந்த அன்றைக்கே அம்மா அதைத் தையலுக்குக் கொடுத்ததில்லை. ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போடுவாள். காலையில் முறுக்கிப் பிழியாமல் எடுத்து, உதறி, நிழலில் கொடி கட்டிக் காயவைப்பாள். பருத்தி நூல் தறியில் இழுபடுகிறது. பிறகு ஆலையில் கஞ்சி போட்டுத் தேய்த்து விறைப்பாக்கும்போதும் இழுபடுகிறது. முதல் தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு விட்டுப்போய்த் துணி சுருங்கும். தைத்து முடித்த பிறகு சுருங்கினால் ரவிக்கை உடம்பில் ஏறாது. அம்மா இவ்வளவு விளக்கமெல்லாம் சொன்னதில்லை. "துணி ஒரு தண்ணி பாக்கணும்" என்பாள், அவ்வளவுதான்.

நான் சொல்வது 1980களின் மதுரை. சாதாரணப் பருத்திப் புடவைகளோடு ரவிக்கைத் துணி சேர்ந்து வராத காலம். புடவையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு விளக்குத்தூணுக்குப் போவோம். கடைக்காரர் நாலைந்து சுருளை எடுத்துப் போடுவார். அம்மா ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து புடவைக் கரையோடு வைத்துப் பார்ப்பாள். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்து வாங்குகிறவளை அவள் மதிக்கவே மாட்டாள். கடைசியில் டூ பை டூ ரூபியாவில் 80 சென்டி கிழித்துக் கொடுப்பார்கள். கூடவே அதே நிறத்தில் ஒரு நூல்கண்டு. அந்தத் துணி தண்ணீர் பார்த்துக் காய்ந்து, மடிக்கப்பட்டு, அதற்குள் ஒரு பழைய ரவிக்கை சுருட்டி வைக்கப்பட்டு, தெருமுனை பாய் கடைக்குப் போகும்.

கடை என்றால் ஒரு வீட்டுத் திண்ணையைப் பலகை வைத்து அடைத்த இடம். இரண்டு மிஷின். ஒன்றை பாய் மிதிப்பார், இன்னொன்றை அவர் தம்பி. நடுவில் வெட்டும் பலகை. அதற்கு அந்தப் பக்கம் கால் மடக்கி உட்கார்ந்து காஜா எடுக்கும் ஒரு பையன். வீட்டுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிய நீள நோட்டு ஒன்று இருக்கும். அப்பாவின் சட்டை, அண்ணனின் டவுசர், என் பாவாடை உயரம் எல்லாம் எங்கள் பக்கத்தில் அடித்து அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருக்கும். அம்மாவின் அளவு மட்டும் அதில் கிடையாது. ஆண் தையற்காரர் ஒரு பெண்ணை டேப் வைத்து அளப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. அளவு ரவிக்கைதான் பேசும். அது பேசாததை பாய் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார். "அக்காவுக்கு இடது தோள் அரை விரக்கடை இறக்கம், நான் பாத்துக்கிறேன்" என்று அப்பாவிடம் ஒருமுறை சொன்னார். அம்மாவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

பாய் தைத்த ரவிக்கையை உள்பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு விலாவிலும் கால் அங்குல இடைவெளியில் ஒன்றையொட்டி ஒன்றாக மூன்று தையல் ஓடும். மூன்றாவதைத் தாண்டியும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் இருக்கும். உடம்பு கொஞ்சம் பூசினால் உள்தையல் ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும். முன்பக்கத் துணியில் கால், பின்பக்கத் துணியில் கால், இரண்டு விலாவுக்கும் சேர்த்துச் சுற்றளவில் ஓர் அங்குலம் கிடைத்துவிடும். அடுத்ததைப் பிரித்தால் இன்னோர் அங்குலம். இதற்குத் தையற்காரரிடம் போகக்கூட வேண்டாம், ஒரு பிளேடும் நல்ல வெளிச்சமும் இருந்தால் அம்மாவே பிரித்துக்கொள்வாள். ஒரே ரவிக்கை ஒரு பெண்ணின் பத்து வருஷத்து உடம்புக்கு ஈடு கொடுத்தது இப்படித்தான். என் பாவாடைகளிலும் கீழே இரண்டு டக் பிடித்திருக்கும். நான் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி புது நிறத்தோடு ஒரு பட்டையாகத் தெரியும். வகுப்பில் பாதிப் பேர் பாவாடையில் அந்தப் பட்டை இருந்ததால் யாரும் யாரையும் எதுவும் சொன்னதில்லை.

பாய் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி, கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருக்க, "காஜா மட்டுந்தான் பாக்கி" என்ற வார்த்தையை எல்லோரும் பலமுறை கேட்டு முடித்த பிறகு, எங்கள் பொட்டலம் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து அம்மா போட்டுப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் கை ஏறவில்லை. எதிர்வீட்டு அத்தை ஒல்லி. அவருடைய அளவு ரவிக்கையை வைத்து அம்மாவின் துணியை வெட்டியிருந்தார் பாய்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனாள்.

"ஏம் பாய், இது யாரு போடுறதுக்குத் தச்சீங்க?"

பாய் வாங்கி விரித்தார். மூலையில் சுருட்டிக் கிடந்த அளவு ரவிக்கைகளைக் கிளறினார். இரண்டு துண்டுச்சீட்டுகளை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"சீட்டு மாறிப்போச்சுக்கா. தப்பு என்னோடதுதான்."

"தப்பு ஒங்களோடதுன்னு ஆயிருச்சு. காலைல நான் எதைப் போடுறது?"

"விடியறதுக்குள்ள குடுத்துருவேன். துணி உள்ள இருக்குக்கா, நீங்க போங்க."

துணி உள்ளே இருந்தது. விலாத் தையல் மூன்றையும் பிரித்தார். கையின் உள்தையலையும் பிரித்தார். அப்படியும் அக்குள் பிடிக்கும் என்பதால், நான்கு மூலை வைத்த ஒரு சிறு துண்டை வெட்டி அங்கே கொடுத்துத் தைத்தார். அந்தத் துண்டுக்கு வேறு எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. வெட்டியதில் மிஞ்சுகிற துணியை அவர் எறிய மாட்டார், அந்தந்தப் பொட்டலத்திலேயே சுருட்டி வைப்பார். வெடிச்சத்தம் தொடங்கும் நேரத்துக்கு அவரே வீட்டு வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துத் தைத்ததற்குக் கூலி வாங்கவில்லை. அம்மா பொங்கல் வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டுதான் இருந்தாள். பொங்கல் துணியையும் அவரிடமே கொடுத்தாள்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. சொன்ன தேதிக்குத் துணி கிடைத்த வீடு எங்கள் தெருவில் கிடையாது. காஜா எடுத்த பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய வயது. பண்டிகைக்கு முந்தின ராத்திரிகளில் அவன் ஊசியைப் பிடித்தபடியே தூங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் புதுச்சட்டைகளின் பொத்தான் துளையெல்லாம் அவன் கண்விழித்துப் போட்டது. அதை நினைத்துச் சந்தோஷப்பட முடியாது. அளவு ரவிக்கை வழக்கத்திலும் ஒரு பெரிய கேடு இருந்தது. துவைத்துத் துவைத்து நைந்து இளகிய ரவிக்கையை வைத்து வெட்டினால், அதிலுள்ள கோணலெல்லாம் புது ரவிக்கைக்கும் வரும். கழுத்து இறங்கியிருக்கிறது, மார்புப் பக்கம் பிடிக்கிறது என்பதை அம்மா அவரிடம் நேரே சொன்னதேயில்லை. அப்பாவிடம் சொல்வாள். அப்பா போய், "கொஞ்சம் லூஸா வேணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் நடுவில் காணாமல் போகும். எத்தனையோ பெண்கள் தங்களுக்குப் பொருந்தாத ரவிக்கையை, பொருந்தவில்லை என்று சொல்ல வழியில்லாமலே போட்டுக் கிழித்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று இருந்தது. வெட்டியவர் கண்முன்னே இருந்தார். தப்பு என்றால் கேட்கலாம். கேட்டால் திருத்துவதற்கு உள்ளே துணி இருந்தது.

மதுரைக்காரர்களுக்குப் புது மண்டபத்தை நினைவிருக்கும். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய கல்மண்டபம். நாயக்க மன்னர்களின் சிலைகள் நிற்கிற தூண்களுக்கு இடையிலேயே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் சட்டையையோ பைஜாமாவையோ கொடுத்து, இதைப் போலவே ஒன்று வேண்டும் என்பார்கள். கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அச்சுப் பிசகாமல் தயாராக இருக்கும். ராத்திரி ரயிலேறிவிட்டால் மறுபடி முகத்தில் விழிக்கப்போகாத வாடிக்கையாளர்தான். ஆனாலும் அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். தோளைத் தட்டி, கையை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்து, பிடித்தால் அந்த இடத்திலேயே பிரிப்பார்கள். சில வருஷங்களுக்கு முன்பு அந்தக் கடைகளைப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது, மறுக்கவில்லை. தூணடியில் உட்கார்ந்து வெட்டித் தைத்த தொழிலை நேரில் பார்த்தவர்களுக்கு அங்கே ஒரு வெறுமை தெரியும்.

இப்போது என் வீட்டில் ஆண்கள் யாரும் துணி எடுத்துத் தைப்பதில்லை. மருமகன்களுக்குத் தையற்கடையே தெரியாது. ரெடிமேடு சட்டையில் தோள் சரியாக இருந்தால் வயிறு பிடிக்கிறது, வயிறு சரியாக இருந்தால் கை விரலை மூடுகிறது. எஸ், எம், எல் என்று எழுதிவைத்த எழுத்துக்குள் தங்கள் உடம்பை அடக்கப் பார்க்கிறார்கள். அது அவர்கள் உடம்பின் குற்றமில்லை. நம் ஊர் உடம்புக்கென்று ஒரு பொதுவான அளவுப் பட்டியல் இல்லாமலேயே, வெளிநாட்டு அளவுகளைக் கூட்டிக் குறைத்து நெடுங்காலம் தைத்து விற்றார்கள். அதைச் சரிசெய்ய மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் சேர்ந்து, ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியா சைஸ்' ஆய்வைத் தொடங்கின. வரவேற்க வேண்டிய வேலைதான். ஆனால் எவ்வளவு நல்ல பட்டியல் வந்தாலும் அதில் இடது தோள் அரை விரக்கடை இறங்கிய ஒருத்திக்கு இடமிருக்காது. ஆயத்த ஆடையைத் திருத்தலாமென்று புரட்டினால் விலாவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் துணி இருக்கும்.

அதற்கு மேல் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் ஓவர்லாக் மிஷின். அதில் ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி இருக்கிறது. துணி உள்ளே போகப் போக அந்தக் கத்தி ஓரத்தைச் சீவிக்கொண்டே போகும். சீவிய ஓரத்தை நூல்கள் சுற்றி மூடிக்கொண்டே வரும். பார்க்க அழகாக இருக்கும், நூல் பிரியாது, வேலை வேகமாக முடியும். கம்பெனிக்கு அது வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒரு சட்டைக்கு அரை அங்குலம் மிச்சம் பிடித்தால் பெரிய லாபம். அந்த மிஷினும் அந்தப் பழக்கமும் கம்பெனியோடு நிற்காமல், அளவெடுத்துத் தைக்கிற கடைக்கும் வந்துவிட்டதுதான் என் கவலை. அளவெடுத்துத் தைப்பது என்றாலே தப்பு வரும், உடம்பு மாறும், பிரிக்கவேண்டி வரும் என்று தெரிந்து செய்கிற தொழில். அதில் மிச்சத்தைச் சீவி எறிந்துவிட்டால் பிறகு எதைக்கொண்டு திருத்துவது?

என் மகளின் கல்யாண ரவிக்கையில் அதை முழுசாகப் பார்த்தேன்.

பெரிய கடை. குளிர்சாதனம், ஆளுயரக் கண்ணாடி, உட்கார சோபா. அளவெடுத்தது ஒரு பெண். அதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது. என் அம்மாவுக்குக் கிடைக்காதது இது. எங்கே பிடிக்கும், எங்கே தளரவேண்டும் என்று என் மகள் கூச்சமில்லாமல் சொன்னாள், அந்தப் பெண் ஒவ்வொன்றாக அச்சடித்த தாளில் குறித்துக்கொண்டாள். கையிலும் முதுகிலும் ஆரி வேலை. ஆரியில் முதலில் துணியை மரச்சட்டத்தில் முரசுத் தோலைப் போல இழுத்துக் கட்டுவார்கள். கை, கழுத்து, முதுகு என்று வரைந்து, வரைந்த கோட்டுக்குள் கொக்கி வைத்த ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துக்கொண்டே போவார்கள். வேலை முடிந்த பிறகுதான் வெட்டுவது. ஆகவே சட்டத்தில் கோடு போடும் அன்றைக்கே ரவிக்கையின் அளவு முடிவாகிவிடுகிறது. அங்கே ஒரு விரல் குறைந்தால் அது கல்வெட்டு.

கூலி பல ஆயிரம். முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னால் கைக்கு வந்தது. கண்ணுக்கு அவ்வளவு அழகு. மகள் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாள். ரவிக்கை மொத்தமும் சேர்ந்து மேலே ஏறியது. கைக்குழியை ஆழம் குறைத்து வெட்டியிருந்தார்கள், கைச்சுற்றும் பிடித்தது. மாலை மாற்றும்போது கையைத் தூக்காமல் என்ன செய்வாள்? அன்றைக்கே கடைக்குப் போனோம்.

"மேம், மெஷர்மென்ட் ஷீட்ல இருக்கிறபடிதான் தச்சிருக்கு."

"கையைத் தூக்க முடியலையேம்மா, நீயே பாரு."

"பாத்தேன் மேம். ஆல்டர் பண்ண உள்ள மார்ஜின் இல்ல. வொர்க் ஓரம் வரைக்கும் வந்திருக்கு."

"வெட்டினவரைக் கூப்பிடும்மா, நான் பேசுறேன்."

"மாஸ்டர் இங்க இல்ல மேம். யூனிட்ல இருக்காங்க."

யூனிட் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆரி போட்டவர்கள் வேறு இடத்தில், வெட்டியவர் வேறு இடத்தில், தைத்தவர் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் இன்னொருவர். அவர்களில் யாரும் என் மகளைப் பார்த்ததில்லை. அவர்கள் தப்பை அவர்களிடம் சொல்லவும் யாரும் இல்லை. கவுன்டரில் நின்ற பெண் மட்டும் எல்லோருக்கும் பதிலாக வசவு வாங்க நியமிக்கப்பட்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். ஒருத்திக்கு அடுத்த கல்யாண ரவிக்கை என்று ஒன்று உண்டா?

திருத்தித் தந்தவர் எங்கள் பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே தைக்கிற பெண். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு கொடுக்கும் இலவச தையல் இயந்திரத்தில் தொடங்கியவர். பள்ளிச் சீருடை, நைட்டி, ஃபால்ஸ் அடிப்பது என்று வீட்டு வாசலிலேயே வேலை. ரவிக்கையை வாங்கி உள்பக்கம் திருப்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னக்கா, உள்ள ஒண்ணுமே விடலையே?"

பிறகு புடவையைக் கொண்டுவரச் சொன்னார். இடுப்பில் செருகும் தலைப்பில், கட்டினால் வெளியே தெரியாத ஓரத்திலிருந்து நாலு விரல் அகலத்துக்குப் பட்டை ஒன்று வெட்டினார். விலாத் தையலைப் பிரிப்பதற்கு முன்னால் ஓரத்து மணிகளைச் சின்னக் குறட்டால் ஒன்றொன்றாக நொறுக்கினார். மணி இருந்தால் மிஷின் ஊசி அதில் பட்டு முறியும். ஆரி சங்கிலித் தையல். ஓரிடத்தில் அறுந்து இழுபட்டால் வரிசை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் வெட்டிய ஒவ்வொரு நூல் நுனியையும் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டார். அதன்பிறகுதான் விலாவிலிருந்து கைவரைக்கும் பட்டையைக் கொடுத்து, அக்குளில் நான்கு மூலைத் துண்டு வைத்துத் தைத்தார். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. தைத்து முடித்து அவர் உள்பக்கத்தைக் காட்டினார். அந்தக் குறுகிய பட்டையிலும் இரண்டு தையல் ஓட்டி, பிரிப்பதற்கு மிச்சம் விட்டிருந்தார். "நாளைக்குப் பிள்ளை உடம்பு வச்சா என்ன பண்ணும்?" என்றார்.

அவர் கேட்ட கூலி, அந்தக் கடையில் முதுகுக் கயிற்றுக்கும் குஞ்சத்துக்கும் மட்டும் வாங்கியதைவிடக் குறைவு. கூடக் கொடுத்ததை வாங்கவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

கடையை நான் அப்படியே விடவில்லை. பில்லையும் அளவுத் தாளின் நகலையும் கை தூக்கிய நிலையில் எடுத்த படத்தையும் வைத்து எழுதிக் கேட்டேன். தையல் கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தையல் கூலி கொடுத்து வாங்குவது ஒரு சேவை. அதில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போகவேண்டும். வழக்குக்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 'துணி சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பில்லின் பின்னால் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அப்படி அச்சடித்துவிட்டதாலேயே பொறுப்பு தீர்ந்துவிடாது. ஆனால் பில் வேண்டும். துண்டுச்சீட்டை வாங்கிப் பர்ஸில் கசக்கிவைக்கிற பழக்கத்தை நாம் விட்டே ஆகவேண்டும்.

சட்டம் பணத்தை வாங்கித் தரும். முகூர்த்தத்தன்று கையைத் தூக்க வைக்காது. அதைச் செய்யக்கூடியவர், துணியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் மட்டும்தான். அப்படிப்பட்டவர்கள் இப்போதும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். வாசலில் அட்டையில் எழுதிய சின்னப் பலகை தொங்கும். புதுத் துணியைப் பெரிய கடைக்குக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போனதை மட்டும் இவர்களிடம் கொண்டுபோகிறோம். அதற்கும் பத்து ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம். பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிடக் கடினமான வேலை. தையல் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் ஊரில் அதற்குத்தான் மிகக் குறைந்த கூலி என்பது அநியாயம்.

அடுத்த ரவிக்கைக்குத் துணி கொடுக்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புடவையோடு நெய்து வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் அதே 80 சென்டிதான். முழங்கை வரைக்கும் கையும், முதுகில் வேலைப்பாடும் கேட்டால் உள்ளே விட அதில் துணி மிஞ்சாது. கையைக் கொஞ்சம் குட்டையாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே நிறத்தில் கூடுதலாகக் கால் மீட்டர் வாங்கிக் கொடுங்கள். லைனிங் பருத்தியென்றால் அதையும் ஒரு தண்ணீர் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மேல்துணி பட்டாகவோ பாலியெஸ்டராகவோ இருந்து லைனிங் மட்டும் சுருங்கினால் ரவிக்கை முழுக்கச் சுருக்கம் விழும். ஆரி வேலை என்றால் சட்டத்தில் கோடு போடுவதற்கு முன்னால் சாதாரணத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். துணி கொடுக்கும்போது, "விலாவில் ஓர் அங்குலம் உள்ளே விடுங்க, ஓவர்லாக்கில் சீவிராதீங்க" என்று சொல்லுங்கள், சொன்னதை பில்லில் எழுதி வாங்குங்கள். தைத்து வந்ததும் அங்கேயே போட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். உங்கள் தெருவில் பிரித்துத் தைக்கிறவர் ஒருவர் இருந்தால், அடுத்த புதுத் துணியை அவரிடமே கொடுங்கள். அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.